பூனைக்கு ஆகாதவை: நம்ம அடுக்களையைப் பார்க்காத பட்டியல்

'பூனைக்குக் கொடுக்கக் கூடாத பத்து உணவுகள்' வகைப் பட்டியல் ஒன்றாவது உங்களுக்கு வந்திருக்கும். எங்க குடும்ப வாட்ஸப் குழுவில் மட்டும் மூணு வந்தது. சாக்லேட், திராட்சை, அவகேடோ, மெக்கடாமியா, மது. அதுக்குக் கீழே எங்கேயோ வெங்காயம். மதுரையில் எந்த வீட்டு அடுக்களையில் பூனை மெக்கடாமியா திருடப்போகுது? ஆங்கிலத்தில் இருந்ததை வரிக்கு வரி தமிழாக்கியிருக்காங்க. இங்கே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கல. எங்க தொழிலில் இப்படி வெளியிட்டா அன்னைக்கே திருப்பி அனுப்பிடுவாங்க.

சாக்லேட் விஷம்தான், சந்தேகமில்லை. ஆனா இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்குன்னு 2005-லேயே கண்டுபிடிச்சாச்சு. அதனால பூனை இனிப்பைத் தேடிப் போறது அரிது. பட்டியலின் முதல் இடத்தை அதுக்குக் கொடுத்தது நாய்ப் பட்டியலில் இருந்து நகலெடுத்த அடையாளம்.

முதல் இடம் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும்தான். இதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தாக்குது. அப்படித் தாக்குதலுக்கு ஆளாகும் இடங்கள் நம்ம ஹீமோகுளோபினில் இரண்டு, நாய்க்கு நான்கு, பூனைக்கு எட்டு. கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் ரத்தத்தைக் கெடுக்கப் போதும். நாலு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது ரெண்டு மூணு சின்ன வெங்காயம். பூண்டுக்கு அதைவிடக் குறைவு. பட்டியலில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. 'கொடுக்காதீர்கள்' என்ற ஆணை மட்டும் இருக்கு. அளவு சொல்லாத எச்சரிக்கையை ஆச்சிமார் எப்படி நம்புவாங்க?

எங்க அம்மா நம்பல. 'வெங்காயத்தையா போடுறேன்? சுக்காவுல இருந்து ரெண்டு துண்டு, அதையும் கழுவித்தானேப்பா போடுறேன்' என்பார். நானும் வேகவெச்சா விஷம் போயிடும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போகாது. வதக்கினாலும், காயவெச்சாலும், பொடியாக்கினாலும் அது அப்படியே இருக்கும். வெங்காயப்பொடி கலந்த குழந்தை உணவு சாப்பிட்ட பூனைகளின் ரத்தத்திலேயே மாற்றம் தெரிஞ்சிருக்கு. நம்ம சுக்காவில் வெங்காயம் கரைஞ்சு கறியோடு ஒட்டிக்கிடக்கு. கழுவினா காரம்தான் போகும்.

போன வருஷம் எங்க பூனை சோர்ந்து, ஈறு வெளுத்துப் படுத்தப்போ, மருத்துவர் 'என்ன சாப்பிட்டுச்சு?' என்று கேட்டார். 'இன்னைக்கு எதுவும் புதுசா இல்ல' என்றேன். தப்பான பதில். வெங்காய விஷம் அன்னைக்கே தெரியணும்னு இல்ல, சில நாள் கழிச்சுக்கூடத் தெரியும். கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் போன வாரத்துச் சமையலை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு எனக்கு ஞாபகம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். பூனை பிழைச்சிடுச்சு.

திராட்சையை எடுத்துக்குங்க. நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது அதிலுள்ள டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு 2021-ல் சொன்னாங்க. அடுத்து புளி தின்ற நாய்களிடமும் அதே பாதிப்பு பதிவானது. புளியில் அந்த அமிலம் ஏராளம். இது நாய்க் கதைதான், ஆனாலும் சாம்பாரும் மீன்குழம்பும் கொதிக்கும் ஊரில் திராட்சையை எழுதிட்டுப் புளியை விட்டது எனக்கு உறுத்துது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. பட்டியல்கள் எல்லாம் 'எது விஷம்' என்று மட்டும் கேட்குது. 'எது இல்லை' என்று கேட்கல. நம்ம மனசில் பூனையும் பாலும் பிரியாதவை. கம்பன் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை. தெனாலிராமன் கதையில் சூடுபட்டுப் பாலைக் கண்டாலே ஓடும் பூனை. ராமன் கதையின் நகைச்சுவையே பாலை வேண்டாம்னு சொல்லும் பூனை உண்டா என்பதுதான். உண்டு. வளர்ந்த பூனைகள் பலதுக்குப் பால் செரிக்காம வயித்தால போகும்.

அது சின்ன தொல்லை. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே தின்னும் சைவ வீட்டுப் பூனைக்குத்தான் ஆபத்து. 1975-ல் பால் புரதமான கேசீனை வைத்துத் தயாரித்த உணவைத் தின்ற பூனைகளின் விழித்திரை சிதைஞ்சதுக்குக் காரணம் டாரின் குறைவு என்று கண்டுபிடிச்சாங்க. 1987-ல் அதே குறைவு இதயத் தசையைத் தளரவைப்பதும் தெரிஞ்சது. தேவையான அளவு டாரினைப் பூனையின் உடம்பு தானே தயாரிச்சுக்காது. கறி, மீன், எலி இதில் இருந்துதான் வரணும். பழைய ஓட்டு வீட்டுப் பூனை பால்சோறு தின்னுட்டுப் பரணில் எலி பிடிச்சுது, பிழைச்சுது. மூணாவது மாடி ஃப்ளாட்டில் கதவு பூட்டிய பூனைக்கு எலி ஏது? 'எங்க பாட்டி காலத்துல தயிர்சோறுலயே பதினஞ்சு வருஷம் இருந்துச்சு' என்பவர்கள் அந்த எலியைக் கணக்கில் எடுக்கறதில்லை.

இப்போ எங்க வீட்டில் கறியோ மீனோ வந்தா, உப்பும் மசாலாவும் போடறதுக்கு முன்னாடியே நாலு துண்டு தனியா வேகவெச்சு எடுத்துவைக்கிறோம். மீனையும் பச்சையா கொடுக்கறதில்லை, கெண்டை மாதிரி சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கு, வேகவெச்சா அது போயிடும். மத்த நாளில் பூனைக்கான தீவனம். சுக்கா வாசனைக்கு அது இன்னும் அடுப்படியில் வந்து நிக்குது. அம்மா 'போடா, உனக்கு இல்ல' என்று விரட்டுறார்.