மதிலுக்கு மேலே ஒரு சுள்ளி

முதல் பக்கத்திலேயே ஒரு பிணம் விழுந்துவிட்டால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. யார் கொன்றது, எப்போது மாட்டுவான் என்று கேட்டுக்கொண்டு வாசகரே பின்னால் வந்துவிடுவார். காதல் கதையில் இந்தச் சௌகரியம் கிடையாது. இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று; சரி, அதற்கென்ன என்று கேட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். கத்திக்குத்து ஒரே ராத்திரியில் வந்துவிடுகிறது. ஒருவனை நினைத்துக்கொண்டே ஒரு பெண் அரிசி களைவதை எழுதத்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர்தான் நினைவுக்கு வருவார். அடிதடி, ரத்தம் என்று எழுத அவரைவிட உரிமை உள்ளவர்கள் குறைவு. 1930-ல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய் போலீஸிடம் உதை வாங்கி, கண்ணூர் ஜெயிலில் கிடந்தவர். வெளியே வந்து 'உஜ்ஜீவனம்' பத்திரிகையில் சூடாக எழுதி, பிடிவாரண்டு வந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பி, வருஷக்கணக்கில் தேசமெங்கும் அலைந்தவர். பிறகு திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காகக் கொல்லம் கஸ்பா ஸ்டேஷன் லாக்கப்பில் நீண்ட காலம் விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் விழுகிற அடியை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

அவருக்கு அதை எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'டைகர்' என்றொரு சிறுகதை இருக்கிறது. ஸ்டேஷனில் வளரும் நாய். வெளியே பஞ்சம், உள்ளே கைதிகளின் வயிறு காய, நாய் கொழுத்துக்கொண்டே போகிறது. அதில் லத்தியைக் காட்டிலும் அந்த நாயின் மினுமினுப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இப்படி எழுதத் தெரிந்த ஆள், இரண்டரை வருஷ தண்டனை விதிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஜெயிலுக்குப் போய், அங்கே உட்கார்ந்து எழுதியது 'பிரேமலேகனம்'. ஒரு காதல் கதை. அதுவும் சிரிப்புக் கதை.

கேசவன் நாயர் பேங்கில் குமாஸ்தா. மாடியில் குடியிருக்கிறான். வீட்டுக்காரரின் மகள் சாராம்மா, படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், கிறிஸ்தவப் பெண். இவன் காதல் கடிதம் கொடுக்கிறான். அவள் எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடு என்கிறாள். சரி, என்னைக் காதலிப்பதுதான் வேலை, மாதம் இருபது ரூபாய் சம்பளம் என்கிறான். அவளும் சேர்ந்துவிடுகிறாள்! பிறக்காத பிள்ளைக்கு எந்த மதத்துப் பெயரும் கூடாதென்று யோசித்து யோசித்து, கடைசியில் சீட்டுக் குலுக்கி 'ஆகாச மிட்டாய்' என்று வைக்கிறார்கள். விளையாட்டாகவே போகிற கதைதான். ஆனால் வரதட்சணை, மதம், வேலையில்லாத பெண்ணின் நிலைமை எல்லாம் அந்த விளையாட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 1943-ல் புத்தகம் வந்தது. 1944-ல் திருவிதாங்கூர் அரசு தடை செய்தது. குண்டு வீசச் சொன்ன புத்தகமில்லை. பிள்ளைக்குப் பெயர் தேடுகிற புத்தகம். அரசாங்கங்களுக்கும் சில சமயம் நல்ல வாசக மூளை இருக்கத்தான் செய்கிறது.

அந்த ஜெயிலைப் பற்றியே அவர் எழுதிய 'மதிலுகள்' வர மேலும் இருபது வருஷம் ஆயிற்று. தொழில்முறையில் நான் பொறாமைப்படும் புத்தகங்களில் முதலாவது அது. அரசியல் கைதிகளையெல்லாம் விடுதலை செய்கிறார்கள். பஷீரின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. வார்டு காலியாகிவிட்டது. தப்பித்துப்போகத் திட்டம் போடுகிறார். இந்த இடத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்: மழை ராத்திரி, கயிறு, விசில் சத்தம், துப்பாக்கி. பஷீர் அந்தப் பக்கமே போகவில்லை. மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. அது பெண்கள் ஜெயில். அவள் பெயர் நாராயணி.

இருவரும் கடைசிவரை பார்த்துக்கொள்வதில்லை. இதை வெறும் உருக்கமான சம்பவமாக மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எழுதுகிறவன் கண்ணால் பார்த்தால்தான் இதன் துணிச்சல் தெரியும். காதலை எழுத எங்களிடம் இருக்கும் சாமான்கள் எவை? கண், புன்னகை, கழுத்து, காதோரம் விழும் முடி, தலை குனிவது. மதில் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. பாக்கியிருப்பது பேச்சு மட்டும். அவள் எப்படியிருப்பாள் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அவள் வந்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சுள்ளி. மதிலோரம் வந்ததும் நாராயணி காய்ந்த குச்சி ஒன்றை வானத்தைப் பார்த்து எறிவாள். மதிலுக்கு மேலே அது எழும்பினால் இவர் ஓட வேண்டும். பத்து ரூபாய்கூட பெறாத ஒரு பொருளை வைத்து, ஒரு துப்பறியும் நாவல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத பதற்றத்தைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் முறை படிக்கும்போதும் அந்தப் பக்கங்களில் என் கண் மதிலின் மேல் விளிம்பிலேயே கிடக்கிறது. அவள் ரோஜாச்செடி கேட்பாள். ஜெயிலுக்குள் அவரே வளர்த்த தோட்டத்திலிருந்து ஒரு செடியைப் பெயர்த்து, அதன் பூ, மொட்டு, இலை எல்லாவற்றையும் முத்தமிட்டு, மதிலைத் தாண்டிக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் சந்திப்பதாகப் பேசிவைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. விடுதலையைப் போய் இடியாக விழவைக்க ஒரு எழுத்தாளரால் முடிந்திருக்கிறது.

அன்பை எழுதியவர் என்பதால் பஷீரை இனிப்புக்காரராக்கிவிடும் பழக்கம் எனக்கு ஒப்பாது. 'சப்தங்கள்' எழுதியதும் அதே கைதான். போர்முனையிலிருந்து திரும்பியவன் சொல்லும் அந்தக் கதையை நடுவில் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். வன்முறையை அவர் ஒதுக்கவில்லை. எவ்வளவு இடம் கொடுப்பது என்று அளந்து கொடுத்தார். 'மதிலுக'ளிலேயே, விடிந்தால் தூக்கில் தொங்கப்போகும் ஒருவன் குடிக்கக் கட்டஞ்சாயா கேட்கிறான். பஷீர் போட்டுக் கொடுக்கிறார். அதைவைத்து ஒரு முழு நாவலே பண்ணியிருக்கலாம். நானாக இருந்தால் பண்ணியிருப்பேன். அவர் அதற்குக் கொடுத்தது கொஞ்ச இடம்தான்.

அடூர் கோபாலகிருஷ்ணன் 'மதிலுக'ளைப் படமாக எடுத்தபோது மம்மூட்டி பஷீரானார். நாராயணியைக் கடைசிவரை காட்டாத கண்டிப்புக்காகவே அடூரைக் கும்பிடலாம். எனக்கு ஒரு குறை உண்டு: குரல் கே.பி.ஏ.சி. லலிதாவுடையது. அற்புதமான குரல்தான், ஆனால் பலரும் அறிந்த குரல். வாயைத் திறந்ததும் முகம் தெரிந்துவிடுகிறது. புத்தகத்தில் அந்த இடைஞ்சல் இல்லை.

தமிழில் கவிஞர் சுகுமாரனின் மொழிபெயர்ப்பில் 'மதில்கள்' கிடைக்கிறது. ஒரு மாலையில் முடிந்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். நாராயணி எப்போது வருவாள் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். பாதிக்கு மேல்தான் வருவாள். அதுவரை வருகிற வார்டர்கள், தோட்டம், கட்டஞ்சாயா, காலியான கொட்டடி எல்லாவற்றோடும் நீங்களும் உள்ளே இருந்தாக வேண்டும்.