பொதி எங்கே உட்காருது?

சைக்கிளில் மாட்டும் பைகளைப் பற்றி வருகிற மதிப்புரைகளை வரிசையாக வாசித்தால் ஒன்று தெரியும். எத்தனை லிட்டர் கொள்ளும், மழைத்தண்ணி உள்ளே இறங்குமா, விலை என்ன என்ற மூன்றோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. எடை எங்கே உட்காருது, எந்த வழியா சக்கரத்துக்கு இறங்குது என்பதை அரிதாகத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

கொங்குப் பக்கத்தில் இதற்கு விடை தெரியாமல் இல்லை. பழைய பால்காரர் வண்டியைப் பாருங்க. 28 அங்குலச் சக்கரம். ஸ்போக்ஸ் கம்பி முன்னாடி 32, பின்னாடி 40. பின்சக்கரத்துக்கு மட்டும் எட்டுக் கம்பி எதுக்குக் கூடுதல்? ஆள் எடையும் சாமான் எடையும் அங்கேதான் விழும். கேரியரின் கால்கள் நேராகப் பின் அச்சுக்கு இறங்கி, அங்கேயே நட்டுப் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். எடை வேறெங்கும் சுற்றாமல் அச்சுக்குப் போய்விடும்.

அடுத்தது கேன். அதைக் கேரியர் மேலே நிறுத்துவதில்லை. கொக்கி போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடுகிறார்கள். பக்கத்துக்கு 20 லிட்டர் என்றால் பால் மட்டுமே 41 கிலோ. அதை மேலே வைத்துக் கட்டினால் வளைவில் வண்டி ஆளைத் தள்ளும். அச்சு மட்டத்துக்குப் பக்கத்தில் தொங்குவதால் அடங்கி வரும். பொள்ளாச்சிப் பக்கம் இளநீர்க் குலைகளை இரண்டு பக்கமும் சமமாகப் பார்த்துத் தொங்கவிடுவதும் இதே கணக்குத்தான்.

இப்போது கடைகளில் ‘பேனியர்’ என்று விற்கிற பை, இந்தக் கேனுக்குத் துணியில் பிறந்த தம்பி. ரொட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பேர் அது. ரொட்டிக் கூடை என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குப் ‘பொதி’ என்ற சொல் இருக்கிறது. கழுதை முதுகில் இரண்டு பக்கமும் ஒத்த எடையாகத் தொங்குவது. பொதிப்பை என்றால் வேலையும் சேர்ந்து விளங்கும். 1982இல் தொடங்கிய ஜெர்மனியின் ஆர்ட்லீப் நிறுவனம் பேர் வாங்கியது லாரித் தார்ப்பாய்த் துணியில் செய்த, தண்ணி புகாத பைகளால். துணியும் கொக்கியும் புதுசு. எடை உட்காரும் இடம் பழசுதான்.

அப்படியிருக்க, இன்றைக்கு நம்ம ஊர்க் கடைகளில் நிற்கும் கியர் சைக்கிள்களில் பலவற்றுக்குக் கேரியரே கிடையாது. சிலவற்றில் அதை மாட்ட ஓட்டைகூட விடுவதில்லை. அப்புறம் சீட் கம்பியை மட்டும் கவ்வுகிற ரேக் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். கீழே கால் இல்லாததால் மொத்த எடையும் அந்த ஒற்றைக் கவ்வியை நெம்பும். மழைக்கோட்டுக்கு ஆகும், அரிசிப் பைக்கு ஆகாது. சீட்டுக்குப் பின்னாலும் ஹேண்டில்பாரிலும் வாரால் இறுக்கிக் கட்டும் ‘பைக்பேக்கிங்’ பைகளும் அப்படித்தான். கரடுமுரடான காட்டுப்பாதையில் கூடாரத்தோடு போகிறவருக்கு அவை சரியான பொருள். உக்கடம் மார்க்கெட்டில் காய் வாங்கித் திரும்புகிறவருக்கு அவற்றைச் சிபாரிசு செய்வது, யாருக்கு எழுதுகிறோம் என்பதையே மறந்த வேலை.

தினமும் சுமையோடு மிதிக்கிறவர்கள் யார்? பெரிய கூட்டம் பள்ளிப் பிள்ளைகள். விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, பிற்பாடு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், மாணவியர் இரு தரப்புக்கும் விரிந்தது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. அதே அரசு புத்தகப்பையும் விலையில்லாமல் தருகிறது. ஆனால் இந்தப் பைக்கும் அந்த வண்டிக்கும் அறிமுகமே இல்லை. பையில் கேரியரில் மாட்ட ஒரு கொக்கி கிடையாது. ஸ்பிரிங் கவ்வியில் ரெண்டு நோட்டு நிற்கும்; புடைத்த பை நிற்காது. முன்கூடையில் வைத்தால் ஹேண்டிலோடு சேர்ந்து எடையும் திரும்பும். கடைசியில் பை முதுகுக்கே போய்விடுகிறது.

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை 11, 12ஆம் வகுப்புக்கு 3.5 முதல் 5 கிலோ வரை என்று வரம்பு சொல்கிறது. முதுகு தாங்கும் அளவைப் பற்றிய கணக்கு அது. வண்டியில் போகிற பிள்ளையின் முதுகில் அந்த எடை ஏன் இருக்கணும் என்று யோசித்தால் கணக்கே மாறும். பையின் முதுகுப்பக்கம் இரண்டு கொக்கி, அடியில் ஒரு வார், கேரியர் பக்கத்தில் பை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்க ஒரு வளைகம்பி. கேட்பது இவ்வளவுதான். பையின் டெண்டரும் வண்டியின் டெண்டரும் ஒரே மேசையில் பேசிக்கொண்டால் முடிகிற காரியம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பையைக் கடைசியில் பாருங்க. பின் அச்சுக்குப் பக்கத்தில் கேரியர் போல்ட்டுக்கு ஓட்டை இருக்கா, ரேக்கில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கா, டிஸ்க் பிரேக் இருந்தால் ரேக்கின் கால் அதில் இடிக்குதா, பையை மாட்டி மிதித்தால் குதிகால் தட்டுதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம். இதெல்லாம் சரியாக இருந்தால் யூரியாச் சாக்கில் தைத்த பையும், நீளவாக்கில் கிழித்த பழைய டியூப்பும் போதும். ஓட்டை இல்லாத வண்டிக்கு எவ்வளவு விலை கொடுத்துப் பை வாங்கினாலும் பாதிச் சுமை உங்கள் முதுகில்தான்.