பெயர் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள்

வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று கேட்டால் ஆசிரியர் தயங்காமல் ஒருவரைக் காட்டுவார். அவர் காட்டிய பிள்ளை உண்மையிலேயே கெட்டிக்காரராக இருக்கலாம். காட்டாமல் விட்ட பிள்ளையைப் பற்றித்தான் என் கவலை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ப்ரோவர்ட் கவுண்டியின் தொடக்கப்பள்ளிகளில் மீத்திறன் வகுப்புக்கு நெடுநாள் இப்படித்தான் பிள்ளைகளைத் தேர்ந்தார்கள். ஆசிரியரோ பெற்றோரோ பெயர் சொல்ல வேண்டும். பிறகு உளவியலர் சோதிப்பார். ஐக்யூ 130 இருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கும் 116 போதும் என்ற சலுகையும் இருந்தது. ஆனால் யாருமே பெயர் சொல்லாத பிள்ளைக்கு வரம்பைக் குறைத்து என்ன பயன்? வசதியுள்ள பெற்றோர் பணம் கட்டித் தனியார் உளவியலரிடம் சோதித்து வந்தார்கள். மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு மீத்திறன் பட்டியலிலோ அவர்கள் 28 சதவீதம்தான்.

2005இல் முறை மாறியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் நாக்லியேரி தேர்வு வைத்தார்கள். வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். மொழியறிவு அதிகம் தேவையில்லை. அதில் தேறியவர்கள் உளவியலரிடம் போனார்கள். தகுதி வரம்பில் மாற்றம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும், பின்தங்கிய பிள்ளைகளில் மீத்திறன் என்று அடையாளம் காணப்பட்டோர் விகிதம் 180 சதவீதம் கூடியதாகப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் காட்டினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் முந்தைய ஆண்டுகளிலும் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

இதற்காக அந்தத் தேர்வை நான் கொண்டாடினாலும், 130 என்ற எண் மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம், அதே ஊரின் இன்னொரு விதி. நான்காம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் பிள்ளை இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு நடத்த வேண்டும். மீதி இடங்களை அந்தப் பள்ளியிலேயே முந்தைய ஆண்டுத் தேர்வில் முன்னணியில் இருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஐக்யூ 130 காட்டி நுழைந்தவர்களின் வாசிப்பிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க உயர்வு தெரியவில்லை. மீதி இடங்களில் உட்கார்ந்த கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் இரண்டிலும் அரை திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேறினார்கள். அது ஆறாம் வகுப்புவரை நீடித்தது. வெளியே நின்ற பிள்ளைகளுக்கு இதனால் பாதிப்பு இருந்ததாகவும் தெரியவில்லை. ஆக, வகுப்பு யாருக்கென்று வகுக்கப்பட்டதோ அவர்களைவிட, இடம் நிரப்ப வந்தவர்களே அதிகம் பெற்றிருக்கிறார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே வரம்பு வைக்காமல் பள்ளிக்குள்ளேயே முன்னணியைத் தேடியதால்தான் ஏழைப் பள்ளியின் பிள்ளைக்கும் அங்கே நாற்காலி கிடைத்தது என்பது என் கணிப்பு.

எல்லாரையும் சோதிப்பதற்குச் செலவு உண்டு. பொருளாதார மந்தத்தில் நிதி சுருங்கியதும் ப்ரோவர்ட் அதைக் கைவிட்டது. பழைய இடைவெளி திரும்பி வந்தது. அடுத்து வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மறுபடியும் யாராவது பெயர் சொல்ல வேண்டியதாயிற்று.