தோட்டத்து மந்திரம்: மாத்தளை வழக்குகள் பற்றிய ஒரு நோக்கு

மந்திரம் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார் அதனை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார் சித்தர்களின் அருஞ்செயல்களையும் விக்கிரமாதித்தன் கதை போன்றவற்றில் வரும் விந்தைகளையும் விதந்தோதுகின்றனர். லயக் காம்பராவில் வாழும் ஒரு தாய் உப்பையும் மிளகாயையும் தன் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பிலிடும்போது எதனைச் செய்கிறாள் என்ற வினா இவ்விரு சாராரிடத்தும் எழுவதில்லை. அரசரும் முனிவரும் கையாளும் மந்திரம் வேறு. எளியோர் கையாளும் மந்திரம் வேறு. பின்னதே இங்கு நமது ஆய்வுக்குரியது.

பாதுகாப்பான கடலேரியில் மீன்பிடிக்கும் திரோப்ரியண்ட் தீவினர் தம் அறிவையும் கைத்திறனையுமே நம்புகின்றனர் என்றும், ஆபத்து மிகுந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதே விரிவான மந்திரச் சடங்குகளை நாடுகின்றனர் என்றும் மலினோவ்ஸ்கி 1925இல் எழுதினார். கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சன், மெய்யான உற்பத்தி நுட்பத்தின் போதாமையை நிரப்பும் மாயை நுட்பமே மந்திரம் எனக் கொண்டார். ஈழத்துத் தமிழ் விமர்சனத்தின் ஒரு கிளை இக்கொள்கையின் நிழலிலேயே வளர்ந்தது. உழவர் சமூகத்துக்கு இது நன்கு பொருந்தும். விளைவில் ஒரு பங்கேனும் தமக்குடையோர் மழை வேண்டிச் சடங்கு செய்வதில் வியப்பில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு நிலமும் அவனதன்று, விளைவும் அவனதன்று. அவனது மந்திரம் எதன் போதாமையை நிரப்பிற்று?

இவ்வினாவுக்கு மாத்தளை ஏற்ற களமாகும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் காடுகளூடாக நடந்து, தம்புள்ளை வழியாக இந்நகரை அடைந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழியிற் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பலர். மலைநாட்டின் வாயிலாக அமைந்த இவ்விடத்தில் முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும், மாசிமகத்தில் ஐந்து தேர்கள் பவனி வருவதும் இவ்வரலாற்றோடு சேர்த்து நோக்கற்பாலன. தமிழகக் கிராமத்தில் மாரி மழைக்கும் உரியவள், அம்மைக்கும் உரியவள். இங்கு வந்து சேர்ந்தோர்க்கோ மழை துரையின் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் கொக்கோவுக்கும் பெய்தது. நோய் மட்டுமே அவர்களுடையதாயிற்று. தோட்டத்து மந்திரத்தின் பொருள் பயிரிலிருந்து உடலுக்கு இடம்பெயர்ந்தது என்பதே நமது கருத்து.

மலையகத் தோட்டங்களில் வழிபடப்படும் ரோதைமுனி இதற்குச் சிறந்த சான்று. தொழிற்சாலையில் சுழலும் சக்கரமே ரோதை. சொல் போர்த்துக்கேய வழியில் வந்தது. முனி ஊரிலிருந்து உடன்வந்த காவல் தெய்வம். துரை கொணர்ந்த இயந்திரத்துக்குள் தொழிலாளர் தம் முனியைக் குடியேற்றினர். தேயிலை நன்கு அரைபடவேண்டும் என்பதற்காக அன்று, கை அகப்படாதிருக்க வேண்டும் என்பதற்காக. கவ்வாத்து வெட்டுவோர் வணங்கும் கவ்வாத்துச்சாமியும் இவ்வகையினதே. செடி தழைப்பது துரையின் கவலை. கத்தி காலில் இறங்காதிருப்பது வெட்டுகிறவனின் கவலை. பாம்புக்கடிக்குப் பார்வை பார்த்தல், காய்ச்சலுக்கு வேப்பிலை அடித்தல், பயந்த பிள்ளைக்குத் திருநீறு மந்திரித்தல், கருவுற்றவளுக்குத் தாயத்துக் கட்டுதல் என இவ்வழக்குகளை அடுக்கிப் பார்ப்பின் அவை அனைத்தும் உடலைச் சுற்றி வேலியிடுவனவாகவே இருத்தலைக் காணலாம். கொழுந்து கிள்ளும் விரல்களுக்குத் திறன் போதும். அங்கு மந்திரத்துக்கு வேலையில்லை.

கொழுந்து பெருகவும் வேண்டுதல் உண்டே என ஒருவர் மறுக்கலாம். உண்மையே. எனினும் கூடைக்காரி அஞ்சுவது மலையின் விளைச்சல் குறைவதையன்று. நிறை குறைந்து தனக்கு அரைப்பேர் விழுவதையே. காமன் கூத்தை வளச்சடங்கு என்ற பொது விளக்கத்தில் அடக்குவோரும் இதனைக் கருதுதல் வேண்டும். காமனை நடுவதும் எரிப்பதும் மீள எழுப்புவதும் ஊரில் பயிர்ச்சுழற்சியோடு இயைந்தன எனக் கொண்டாலும், தோட்டத்தில் அச்சடங்கைச் சூழ்ந்து நிற்பவை மணப்பேறும் மகப்பேறும் வேண்டும் நேர்த்திகளே. இரதியின் புலம்பலில் அங்குள்ள பெண்கள் கேட்பது தம் வீட்டு ஒப்பாரியைத்தான்.

இவர்கள் மந்திரத்தை முழுதும் நம்பினர் என்று கொள்வதும் பிழை. தோட்டத்து டிஸ்பென்சரிடம் மருந்து வாங்கியவரே மாலையில் பூசாரியிடமும் சென்றனர். இவ்விரட்டை நோக்கு நமக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்ய, நோயின் உண்மைக் காரணத்தை அறிந்த தலைவியும் தோழியும் அதனை எள்ளி நோக்குகின்றனர். மந்திரம் வழக்கில் இருந்த காலத்திலேயே அதன்மீதான ஐயமும் கவிப்பொருளாயிற்று. பகுத்தறிவு நேற்றுத்தான் பிறந்தது என்று கருதும் நம் நண்பர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

செய்வினை பற்றியும் ஒரு சொல். முன்னேசுவரம், சீனிகம முதலிய இடங்களில் சூனியம் வைக்க வருவோரை ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர, வன்முறையாக வெடிக்கக்கூடிய பகையைச் சூனியம் சடங்கின் வழியே திருப்பிவிடுகின்றது என 1975இல் வாதிட்டார். தோட்டத்தைப் பொறுத்தவரை இப்பகை யாரை நோக்கித் திரும்பிற்று என்பதையும் கேட்டல் வேண்டும். செய்வினைக் குற்றச்சாட்டு பெரும்பாலும் அடுத்த காம்பராவையே சுட்டுகிறது. மேட்டில் உள்ள பங்களாவைச் சுட்டுவது அரிது. கூலியின் பொருட்டு நடந்த போராட்டம் சங்கத்தின் வழியாக நடந்தது, மந்திரத்தின் வழியாக அன்று. தம் கருவிகளுள் எது எதற்குப் பயன்படும் என்பதைத் தொழிலாளர் நன்கறிந்திருந்தனர். மந்திரம் போராட்டத்துக்கு மாற்றாய் அமைந்து அவர்களை மழுக்கிற்று என்னும் கூற்றை நாம் தயக்கத்துடனேயே ஏற்கமுடியும்.

தொல்காப்பியர் மந்திரத்தைப் பிசியோடும் முதுசொல்லோடும் ஒருங்கு வைத்துச் செய்யுளியலில் பேசுகிறார். நம் தொகுப்பாளரோ தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் அளித்த இடத்தை மந்திர உருக்களுக்கு அளித்திலர். மந்திரிப்போர் அவற்றை மறைத்துக் காப்பது ஒரு காரணம். மூடநம்பிக்கையைப் பரப்பினர் என்ற பழிக்கு அஞ்சியமை மற்றொன்று. இழப்பு சிறிதன்று. ஸ்ரான்லி தம்பையா 1968இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், சிங்களக் குணமாக்கற் சடங்குகளில் புத்தருக்குரிய பகுதி பாளியிலும், பேய்களை ஏவும் பகுதி தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் கலவையிலும் அமைவதைக் காட்டியுள்ளார். சூனியம் என்ற சொல்லே சிங்களத்தில் ஹூனியம் என வழங்குகின்றது. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் அருகருகே அமைந்த மாத்தளையில் இக்கொடுக்கல் வாங்கல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அவ்வுருக்களே சான்றாக நிற்கக்கூடியவை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறித் தமிழ் கந்தோர்களிலிருந்து விலக்கப்பட்டபோதும், கட்டடியாவின் வாயில் பேய்கள் அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.