சுருட்டுப்பாயின் வெயில் பட்டை

பாய்மரப் படகின் முகப்புக் கம்பியைச் சுற்றிச் சுருளும் முன்பாய், ஒவ்வொரு முறையும் இறக்கி மடித்து வைக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் படகு துறையில் சும்மா நிற்கும் மாதங்களிலும் அந்தப் பாய் வெயிலிலேயே கிடக்க நேர்கிறது. சுருண்ட நிலையில் வெளியே தெரிபவை பின்விளிம்பும் அடிவிளிம்புமே ஆதலால், அவ்விரண்டின் ஓரமாகக் காப்புத்துணிப் பட்டையொன்றைத் தைத்துவிட்டால், பாயின் பாலியெஸ்டர் இழைகளைப் புற ஊதாக் கதிர்கள் நலியச் செய்வதைப் பெருமளவு தடுக்கலாம்.

இதற்குப் பெரிதும் விரும்பப்படும் சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணியில், இழை உருவாகும் முன்பே, மூலப்பொருள் கரைசலாக இருக்கும்போதே நிறமி கலக்கப்படுவதால், நிறம் மேற்பூச்சாக நில்லாமல் இழையின் உள்வரை ஊறி நிற்கிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இத்துணி, மென்காற்றில் பின்விளிம்பைத் தொங்கவைத்துப் பாயின் வடிவத்தைக் கெடுக்கும் என்பது உண்மையே. புற ஊதாத் தடுப்பு ஏற்றிய மெல்லிய பாலியெஸ்டர் பட்டை இலேசானது, பாயின் வெண்மையோடு இசைவது. எனினும் விரைவில் தளர்வது. பந்தயக்காரருக்கு அது பொருந்தலாம்; கரீபியன் வெயிலில் ஆண்டு முழுதும் நிற்கும் படகுக்கு அக்ரிலிக்கே தக்கது.

துணியைத் தேர்வதில் காட்டும் அக்கறையை நூலில் பலர் காட்டுவதில்லை. சாதாரணப் பாலியெஸ்டர் நூல் அக்ரிலிக்குக்கு முன்பே இற்றுப்போவதால், நல்ல பட்டையும் தையல் விட்டுத் தொங்குகிறது. வெயிலுக்கு அசையாத பி.டி.எஃப்.இ. நூல் விலை கூடியதாயினும், மறுதையல் கூலியை மிச்சப்படுத்துகிறது.