கழற்றி மாட்டும் பல் கிளிப்: ஆரணிக்கு எது பொருந்தும்?

கழற்றி மாட்டும் பல் கிளிப் என்றதும் அது வெளியே தெரியுமா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கம்பி வளைந்தாலோ தகடு விரிந்தாலோ பக்கத்திலேயே, அன்றைக்கே சரிசெய்ய முடியுமா? ஆரணியில் பட்டு நெசவுக்குக் கூலி சேலைக் கணக்கில் கிடைக்கிறது. பிள்ளையை அழைத்துக்கொண்டு சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள வேலூருக்குப் போய்வந்தால் அன்று தறி நிற்கும், வரும்படியும் நிற்கும். இந்த அளவுகோலில் பார்த்தால், அக்ரிலிக்கும் எஃகுக் கம்பியும் சேர்ந்த பழைய பிளேட், நிறமற்ற அலைனரைவிட மேலான கருவி. முன்பல் ஒன்றிரண்டு சாய்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், சிகிச்சை முடிந்த பிறகு பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்க வேண்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

பிளேட்டின் வேலைப்பாடு எளிமையானது, ஆனால் கணக்குப் பிசகக் கூடாதது. ஆல்ஜினேட்டில் அச்செடுத்து, அதில் ஜிப்சம் மாதிரி வார்த்து, அதன்மேல் கம்பிகளை வளைத்து அக்ரிலிக் ஊற்றுகிறார்கள். முன்பற்களின் வெளிப்புறம் ஓடும் வளைகம்பியுடன் கூடிய வடிவத்தைச் சார்லஸ் ஹாலே 1919இல் எழுதி வெளியிட்டார். பிடிப்பைத் தருவது 1950ஐ ஒட்டி பெல்ஃபாஸ்ட்டில் ஃபிலிப் ஆடம்ஸ் உருவாக்கிய கிளாஸ்ப். 0.7 மி.மீ. கம்பியில் இரண்டு அம்புமுனைகள். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கத்தில், ஈறை ஒட்டிப் பல் குறுகும் இரண்டு மூலைகளில் அவை புகுந்து பிடிக்கின்றன. பல்லைத் தள்ளும் ஸ்பிரிங்குக்கு மட்டும் 0.5 மி.மீ. கம்பி. கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஆகவே அதே நீளமுள்ள 0.7 மி.மீ. கம்பி கிட்டத்தட்ட நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும். நீளம் இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறையும்; ஸ்பிரிங்கில் ஒரு சுருள் வைப்பது இதற்காகத்தான். பல்லைச் சாய்க்கச் சில பத்து கிராம் விசை போதும். மெல்லிய கம்பியும் சுருளும் அந்த இளவிசையை வாரக்கணக்கில் தக்கவைக்கின்றன.

வாங்கும்போது கையிலும் வாயிலும் சோதிக்க வேண்டியவை சில உண்டு. மாட்டியதும் பிளேட் ஆடக் கூடாது. நாக்கால் தள்ளினால் விழக் கூடாது. அம்புமுனை ஈறைக் குத்தக் கூடாது. அண்ணத்தைத் தொடும் பரப்பில் முனையோ குமிழோ இருந்தால் அங்கேயே ராவச் சொல்ல வேண்டும். பின்னுக்குப் போக வேண்டிய பல்லின் உட்புறத்தில் அக்ரிலிக்கைச் செதுக்கி இடம் விட்டிருக்கிறார்களா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த இடம் இல்லாவிட்டால் வளைகம்பியை எவ்வளவு இறுக்கினாலும் பல் அசையாது. எல்லாம் சரியாக இருந்தால் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகர்வை எதிர்பார்க்கலாம். பாவின் இழுவையைத் தறி நிற்கும் இடத்திலேயே நெசவாளர் திருத்திக்கொள்வதுபோல, இங்கே விசையை ஒரு பிளையரால் நாற்காலியிலேயே திருத்த முடிகிறது. உடைந்த தகட்டையும் குளிர்முறை அக்ரிலிக்கால் அன்றே ஒட்டிவிடலாம்.

அலைனரின் அணுகுமுறை வேறு. 1997இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் இதைப் பரவலாக்கியது. வாயை ஸ்கேன் செய்து, பற்களின் நகர்வைக் கணினியில் முன்கூட்டியே பிரித்து, ஒவ்வொரு தட்டும் சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும்படி ஆலையில் வரிசையாகச் செய்து அனுப்புகிறார்கள். மெல்லியது, பேச்சைப் பெரிதாகப் பாதிக்காது, தட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவதால் மருத்துவரைப் பார்க்கும் தடவைகளும் குறையும். தறியை நிறுத்த முடியாத குடும்பத்துக்கு இதுவே வசதி அல்லவா என்று கேட்கலாம். திட்டப்படி பல் நகரும்வரை அது உண்மைதான். நகராமல் பல்லும் தட்டும் பொருந்தாமல் போனால் மறுபடி ஸ்கேன், மறுபடி ஆலை, மறுபடி காத்திருப்பு. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது பலரின் சிகிச்சை பாதியில் நின்றது. ஆலையையே நம்பியிருக்கும் சிகிச்சைக்கு அந்த ஆபத்து உண்டு. செலவிலும் இடைவெளி பெரிது: பிளேட் பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடிகிறது, அலைனர் பல பத்தாயிரங்களைத் தாண்டுகிறது.

பிளேட்டின் மீதான வலுவான ஆட்சேபம், அது பல்லைச் சாய்க்குமே தவிர வேரோடு நகர்த்தாது என்பது. இது முழுக்கச் சரி. ஸ்பிரிங் பல்லை ஒரே புள்ளியில் தள்ளுவதால் பல் வேரின் நடுப்பகுதியை ஒட்டிச் சுழல்கிறது. பற்கள் நெருக்கியடித்து நின்றாலோ, திருகி நின்றாலோ, பல்லைப் பிடுங்கிய இடைவெளியை மூட வேண்டியிருந்தாலோ நிலையான பிரேசஸ்தான் தேவை. அப்போது மலிவு என்பதற்காகப் பிளேட்டை ஏற்கக் கூடாது. பிள்ளைகள் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். அலைனருக்கும் இது பொருந்தும். அதை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். பிளேட் விஷயத்தில் உண்மையைக் கண்டுபிடிப்பது எளிது: ஒழுங்காகப் போடும் பிள்ளை கண்ணாடி பார்க்காமல் மாட்டும், தெளிவாகப் பேசும், அண்ணத்தில் தகட்டின் தடம் தெரியும்.

கம்பி வளைக்கும் கைத்திறன் அருகிவருகிறது என்ற கவலையே உண்மையில் பதில் தேட வேண்டியது. பிளேட்டின் தரம் அதை வளைத்த கையின் தரம்தான். மோசமான கிளாஸ்ப் போட்ட பிளேட்டைவிட அலைனர் எவ்வளவோ மேல். அதனால் பல் மருத்துவக் கல்லூரிகள் இந்தப் பயிற்சியைக் குறைத்துவிடக் கூடாது. பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. என்ன விலை என்று கேட்கும்போதே, கம்பியை யார் திருத்துவார், உடைந்தால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். முறையான பல் சீரமைப்பு மருத்துவர் பரிசோதித்து, சாய்வு மட்டுமே குறை என்று சொன்னால், ஆரணிப் பிள்ளைக்கு ஆடம்ஸ் கிளாஸ்ப் போட்ட பிளேட்டைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். வெந்நீர் படாமல் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவி, கழற்றும்போது காகிதத்தில் சுற்றாமல் டப்பாவில் வைத்தால் சிகிச்சை முடியும்வரை அது உழைக்கும்.