குரலுக்கு உரிய முகம்

பாட்டு காதுக்கு உரியது; படம் கண்ணுக்கு உரியது. இவ்விரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்து நாலைந்து நிமிஷத்தில் முடித்துக் காட்டும் 'மியூசிக் வீடியோ' என்னும் பாட்டுப்படம், இன்று நம் ஜொகூரில் தோட்டத்து லயத்துப் பிள்ளை முதல் பட்டணத்து மாடி வீட்டுப் பிள்ளை வரையில் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தகம் நுழையாத வீடு உண்டு. பத்திரிகை நுழையாத வீடு உண்டு. பாட்டுப்படம் நுழையாத வீடு காண்பது அரிது. அப்படியிருக்க, கவிதையையும் நாவலையும் நிறுத்துப் பார்க்கும் நம்மவர் இதைப்பற்றி வாய் திறவாதிருப்பது என்ன நியாயம்? 'சிறுவர் விளையாட்டு' என்று ஒதுக்குவோர் உளர். நாடகத்தையும் சினிமாவையும் ஒரு காலத்தில் கற்றோர் அவ்வாறே ஒதுக்கினர். ஒதுக்கியதன் பலனை இன்றளவும் அனுபவிக்கிறோம். ஆதலின், இக்கலையின் யோக்கியதை யாது, இதை இயக்குவோருக்கும் பொருள் போட்டு எடுப்போருக்கும் உள்ள கடமை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அக்காலத்துப் படங்களில் நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாடவும் வேண்டும். பாடத் தெரியாதவர் நடிகராக முடியாது. பின்னர்ப் பின்னணிப் பாட்டு முறை வந்தது. குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது என்றாயிற்று. இதனால் நல்ல குரலுக்கு நல்ல நடிப்பு வாய்த்தது என்பது மெய்யே. ஆனால் நான்கு சுவருக்குள் நின்று பாடியவர் தெருவில் நடந்தால் யாரென்று கேட்பாரில்லை. வாயசைத்தவருக்கோ மாலையும் மரியாதையும்! உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் ஒருவன் என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்லவே. அந்தப் பழைய வழக்கம் திரையிலும் குடியேறியது.

பாட்டுப்படம் வந்து செய்த பெரிய காரியம் இந்தப் பிரிவினையைப் போக்கியதுதான். பாடியவனே திரையில் தோன்றி, 'இது என் குரல், இது என் முகம்' என்று சொல்ல இடம் கிடைத்தது. அமெரிக்காவில் 1981 ஆகஸ்டு முதல் நாளன்று எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் இதற்கென்றே தொடங்கப்பட்டது. 1983-இல் ஜான் லாண்டிஸ் என்னும் சினிமா இயக்குநர், மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பாட்டை ஏறக்குறைய 14 நிமிஷம் ஓடும் ஒரு குறும்படமாகவே எடுத்துக் காட்டியபின், இது வெறும் விளம்பரம் அல்ல, தனிக்கலை என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. நம்மவருள் 1997-இல் ஏ. ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' இசைத்தட்டுக்காக பரத்பாலா எடுத்த படங்களில், சினிமா நடிகர் யாருக்கும் பின்னே ஒளியாமல் இசையமைத்தவரே பாடிக்கொண்டு முன்னே வந்தார். 2006-இல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் 'வல்லவன்' இசைத்தட்டை வெளியிட்டனர். அதிலுள்ள 'மடை திறந்து', 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா அமைத்த பாட்டை ராப் முறையில் மாற்றி அமைத்தது. அப்பாட்டுப்படம் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து படமும் பாட்டும் இறக்குமதி செய்தே பழகிய இந்நாட்டுத் தமிழருக்கு, இங்கிருந்தும் ஒன்று ஏற்றுமதியாகக் கூடும் என்ற தைரியம் அதனால் பிறந்தது.

இனி, இத்தொழில் நடக்கும் விதத்தைப் பார்ப்போம். சினிமாவில் கதை முன்னே, பாட்டு பின்னே. இங்கோ பாட்டு முன்னமே முடிந்திருக்கும். ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. இயக்குநர் அதற்குள் தம் கற்பனையை அடக்க வேண்டும். படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு, பாடகர் அதற்கு வாயசைப்பார். மெதுவாக நகரும் காட்சி வேண்டுமானால் பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு, படத்தையும் இரட்டிப்பு வேகத்தில் பிடிப்பர். பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டும்போது உடல் மிதப்பது போல் தோன்றும், உதடு மட்டும் பாட்டோடு பிசகாமல் பொருந்தும். இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு, தலைமயிர் பறப்பதையும் புகை சுருள்வதையும் மெதுவாய்க் காட்டிவிட்டால் கலை பிறந்துவிட்டது என்று மயங்குவோர் பலர். வித்தை வேறு, கலை வேறு. யாருடைய முகத்தை, எந்த இடத்தில், எந்த நிலையில் காட்டுவது என்று இயக்குநர் தீர்மானிக்கிறாரே, அங்கேதான் கலை தொடங்குகிறது. நீதியும் அங்கேதான் தொடங்குகிறது என்போம்.

இதற்கு உதாரணமாக, 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி' என்னும் பாட்டுப்படத்தை எடுத்துக்கொள்வோம். பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்து இசையமைத்தவர் என்று அறிவிக்கப்பட்டவர் சந்தோஷ் நாராயணன். படத்தை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். சினிமாப் படம் எதையும் சேராத பாட்டு இது. எனினும் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டு, தமிழ் தெரியாத நாடுகளிலும் பரவியது.

இதன் உட்பொருள் தோட்டத் தமிழராகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லாதது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்டுப் பின் தமிழ்நாடு திரும்பியவர்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும், சந்தையில் ஆடு மாடு பிரிப்பது போல் நம்மவரைப் பங்கிட்டார்களே, அந்தச் சரித்திரம் இப்பாட்டின் பின்னே நிற்கிறது. மலாயாவின் கதையும் இதற்கு இளைத்ததன்று. கங்காணி பிடித்து வந்த கூட்டம், 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடுக்கும் வரையில் கப்பல் கப்பலாய் வந்து இறங்கியது. 1942, 1943-இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற தோட்டத் தமிழருள் திரும்பாதவர் ஆயிரமாயிரம். காட்டை அழித்துக் கித்தா நட்டவன் நிலம் இல்லாதவனாகவே இறந்தான். அவன் பேரன் செம்பனை வந்தபின் தோட்டத்தை விட்டு மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் குடிபெயர்ந்தான்.

இப்பேர்ப்பட்ட பொருளை இயக்குநர் எவ்வாறு காட்டினார்? அழுகையாய்க் காட்டியிருக்கலாம், அது எளிது. பார்ப்பவர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு மறந்திருப்பர். அவர் அப்படிச் செய்யவில்லை. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளை மெய்யாகவே அழைத்து வந்து, கும்பலுக்கு நடுவே குடும்பத் தலைவியாய், நிமிர்ந்த தோற்றத்தோடு அமர்த்தினார். ஒப்பாரியின் சாயல் கொண்ட இசைக்கு நடுவே அந்த மூதாட்டியின் முகம் தோன்றும்போது இரக்கம் உண்டாவதில்லை, மரியாதை உண்டாகிறது. ஏழைக் கிழவியை இரக்கத்துக்குரிய பண்டமாகவே காட்டிப் பழகிய தமிழ்த் திரையில் இது ஒரு சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வழக்கு. பண்ணையாள் ஆண்டையின் முன் கைகட்டிச் சொன்ன சொல் அது. பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. அடிமைச் சொல்லை அன்புச் சொல்லாய் மாற்றிய அந்தப் பாட்டுக்குப் படமும் ஈடுகொடுத்தது.

குறையும் சொல்வோம். படத்தில் ஆடையும் நிறமும் அலங்காரமும் வேண்டியதற்கு மேல் மிகுந்திருக்கின்றன. கண் அவற்றிலேயே உலாவுகிறது. உழைப்பின் நோவு அந்த அளவுக்குத் தெரியவில்லை. கொழுந்து பறித்த விரலின் காய்ப்பும், பாரம் சுமந்த முதுகின் கூனும் இன்னும் சற்று நேரம் கண்முன் நின்றிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் இதனினும் பெரிய குறை படத்துக்கு வெளியே நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு இப்பாட்டைப் பற்றி எழுதுகையில், அட்டையில் தீயின் படமும் வேறொரு கலைஞரின் படமும் வந்தன. அறிவின் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்தபின் அப்பத்திரிகை அறிவையும் தன் இணைய அட்டையில் வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் இப்பாட்டு அறிவு இல்லாமலே பாடப்பட்டது. அவர் வெளிநாட்டில் இருந்தார் என்று சமாதானம் சொல்லப்பட்டது. பாட்டை ஆக்கியதும் எழுதியதும் தாமே என்று அறிவு வெளிப்படையாய் எழுதினார். மெட்டும் இசையும் தம்முடையன, பாட்டு கூட்டு முயற்சியே என்று சந்தோஷ் நாராயணன் மறுத்தார். 2024 மார்ச்சிலோ அவரே, இப்பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று பகிரங்கமாய்க் கூறினார்.

இவருள் யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நாம் நீதிபதிகள் அல்லோம். ஆயினும் ஒன்று கேட்போம். நிலமற்றவனின் உழைப்பை யாரோ அனுபவித்தார்கள் என்று பாடும் பாட்டிலேயே, உழைப்பு யாருடையது, பலன் யாருக்கு என்ற வழக்கு மூளுமானால், நோய் எவ்வளவு ஆழமாய் ஊடுருவியிருக்க வேண்டும்? குரலுக்கு முகம் கொடுக்கப் பிறந்த கலை, அட்டைப்படத்துக்கு வந்தவுடன் ஒரு முகத்தை உதறிவிட்டது. பாட்டியைச் சிம்மாசனத்தில் இருத்துவது போதாது. பேரனின் பெயரைப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இதை நம் ஜொகூர் இளைஞர் நன்றாய்க் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொல்லையும், இசையையும், ஒலிப்பதிவையும், படத்தையும் வெவ்வேறு படைப்பாகவே கொள்கிறது. ஒரு பாட்டுப்படத்தில் நான்கு சொத்து அடங்கியிருக்கிறது என்று பொருள். படத்தைப் பொறுத்தவரை, அதை எடுக்க ஏற்பாடு செய்தவரையே சட்டம் ஆசிரியராகக் கருதுகிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு விதமாய் ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரையே சேரும். ஆகவே, இரவு பகல் பாராமல் காமிராவைச் சுமந்த இயக்குநர், எழுத்தில் ஒன்றும் வாங்கிக்கொள்ளாவிட்டால் கூலியோடு போக வேண்டியவரே. பெரட்டில் பேர் கொடுத்த நாளுக்கு மட்டும் சம்பளம் வாங்கிய தோட்டத்தானுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இந்தியாவில் 2012-இல் திருத்திய சட்டம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தம் பங்கை முழுவதும் விற்றுவிட முடியாதபடி ஓரளவு காப்பு அளித்தது. ஆனால் சட்டம் எதுவாயினும், நண்பருக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுகிறவருக்கு அதனால் முழுப் பயன் விளையாது. கூச்சம் வேறு, சுயமரியாதை வேறு.

கடைசியாக, நம்மவர் எடுக்கும் படங்களின் பொருளைப் பற்றிச் சில சொற்கள். இவற்றுள் நல்லன உண்டு. ஆயினும் கணிசமானவை இரவல் மோட்டார், இரவல் மாளிகை, கையில் அரிவாள், பின்னே பத்துப்பேர் என்ற ஒரே அச்சில் வார்த்தவையாயிருக்கின்றன. பெண் என்றால் ஆடவனின் பார்வைக்கு அழகு காட்டுபவள். ஜாதி என்றால் மீசை முறுக்கும் பெருமை. கடல் கடந்து வந்தும் ஜாதியை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோமே என்று வெட்கப்பட வேண்டியவர்கள், அதற்குப் பாட்டும் எடுத்துப் படமும் எடுப்பது எவ்வளவு கேவலம்! பாடுகிறவன் முகம் திரையில் இருக்கிறது என்பதனால் மட்டும் அது அவன் முகமாகிவிடாது. தமிழ்ச் சினிமா நாயகனின் முகத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டால், பழைய வாயசைப்பே புது வேஷத்தில் வந்ததாகத்தான் ஆகும்.

'பணமில்லாத நாங்கள் வேறென்ன செய்வோம்?' என்பர் சிலர். இஸ்கந்தர் புத்திரியில் பெரிய படப்பிடிப்பு நிலையமே இருக்கிறது. 2014-இல் 'மார்க்கோ போலோ' என்னும் அமெரிக்கத் தொடருக்கு அங்கே பழைய சீன தேசத்தையே எழுப்பினார்கள். அது செல்வர்களின் காரியம். நமக்கு அந்த அரங்கம் தேவையில்லை. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் லாபிசிலும் விடியுமுன் பனியில் நிற்கும் செம்பனை வரிசையும், ஆளொழிந்த லயமும், பூட்டிய ஆயாக்கொட்டகையும், தோட்டம் விற்றபின் தனியே நிற்கும் கோயிலும் எந்த அரங்கத்தில் கிடைக்கும்? பால் வெட்டிய கையோடு தாலாட்டுப் பாடிய பாட்டிகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு ஒப்பனை வேண்டாம், வாடகை வேண்டாம்.

ஆகவே, இத்துறையில் இறங்கும் இளைஞருக்கு நாம் சொல்வது இவ்வளவே. மெதுவாய் நகரும் காட்சி எடுக்குமுன், யாருடைய முகத்தை எடுக்கிறோம் என்று யோசியுங்கள். படத்தின் முதலிலேயே பாட்டெழுதியவன், மெட்டமைத்தவன், பாடியவன், படமெடுத்தவன் ஆகிய அனைவர் பெயரையும் தெளிவாய்ப் போடுங்கள். அதற்கு முன்னமே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பார்க்கும் மக்களுக்கும் ஒரு வார்த்தை: பாட்டு முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல் அந்தப் பெயர்களை ஒருமுறை படியுங்கள். பேரேட்டில் எண்ணாய் இருந்த நம் முன்னோருக்குக் கிடைக்காத மரியாதை அது.